கை மூடினால் பேசக்கூடாது

முதல் அழைப்பு என் காதுக்கு வரவில்லை. என் சூப்பர்வைசருக்குப் போனது.

ஒரகடத்தில் காருக்கான இருக்கைச் சட்டங்கள் செய்யும் தொழிற்சாலை அது. ஷிப்டுக்குள் போகும்போது எல்லோரும் கைப்பேசியை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். சூப்பர்வைசருக்கு மட்டும்தான் விலக்கு. அன்று காலை டீ இடைவேளையில் அவர் தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"யோவ், இவன் யாருய்யா? நீ இவனுக்குப் பணம் தரணுமாம். என்னாண்ட கேக்கறான். நான் இன்னா உன் மாமனாரா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துப் பார்த்தேன். வாய் ஒத்துழைக்கவில்லை.

மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் அவர் சிரிப்புக்கு இடம் வைக்கவில்லை. "இன்னொரு வாட்டி வந்துச்சுன்னா உன்ன கான்ட்ராக்டர்கிட்டயே திருப்பி அனுப்பிடுவேன். அவன் எங்க போட்றானோ அங்க போ."

அவர் சொன்னால் செய்வார். எங்களை வேலைக்கு எடுத்தது கம்பெனி இல்லை, ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர்தான். அதற்கு முந்தைய மாதம் அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவன் ஏதோ ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். அட்டைப்பெட்டிமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் நான் நின்றுகொண்டிருந்தது வெல்டிங் ரோபோவுக்குப் பக்கத்தில்.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தென்காசிப் பக்கமிருந்து டிப்ளமோவைத் தூக்கிக்கொண்டு வந்த முதல் நாள், அந்த மஞ்சள் கை ஒரு சட்டத்தின்மேல் இறங்கிப் பதினெட்டு இடத்தில் பொறி தெறிக்க ஒட்டிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பியதைப் பார்த்து நான் வாயைத் திறந்தபடி நின்றேன். "புகை உள்ள போவுது, மூடு" என்று யாரோ தோளில் தட்டினார்கள். நாற்பத்திரண்டு விநாடி. அடுத்த சட்டம், மறுபடி நாற்பத்திரண்டு விநாடி, பதினெட்டும் மயிரிழை பிசகாமல் அதே இடத்தில். என் கையெழுத்தே இரண்டு முறை ஒரே மாதிரி விழாது! ஒரு மாதத்துக்குள் அந்த நாற்பத்திரண்டு விநாடி என் உடம்புக்குள் குடியேறிவிட்டது. பல் துலக்குவதுகூட அந்தக் கணக்கில்தான்.

கடன் வாங்கியதும் அதனால்தான். ரோபோவுக்குக் கட்டளை எழுதிப் பழக ஒரு மென்பொருள் உண்டு. அதற்கு மடிக்கணினி வேண்டும். பழையது ஒன்று பதினாலாயிரத்துக்குக் கிடைத்தது. சம்பளம் வரும்வரை பணம் தரும் ஒரு கைப்பேசிச் செயலியில் பதினைந்தாயிரம் கேட்டேன். நான்கு நிமிடத்தில் பதின்மூவாயிரத்து இருநூறு வந்து விழுந்தது. மிச்சம் அவர்கள் கட்டணம். முப்பது நாளில் பதினாறாயிரத்து முந்நூற்றைம்பது திருப்பித் தரவேண்டும். நான்கு நிமிடம்! அந்த வேகத்தையும் வாய் திறந்துதான் பார்த்தேன்.

தப்பு அந்த நான்கு நிமிடத்துக்குள்ளேயே நடந்துவிட்டது. ரெஃபரன்ஸுக்கு என்னைத் தெரிந்த ஒருவரின் எண் கேட்டார்கள். என் அறையில் இருந்த ஐந்து பேரும் ஏற்கெனவே அதே செயலியில் ஒருவருக்கொருவர் ரெஃபரன்ஸ். "எங்க நம்பரப் போட்டா ரிஜெக்ட் ஆயிரும்ல" என்றார்கள். சரி, மதிப்பான ஆளாக இருக்கட்டும் என்று சூப்பர்வைசரின் எண்ணைப் போட்டேன். உறவுமுறை என்ற கட்டத்தில் 'மேலதிகாரி'. அப்போது அது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது.

பிறகு கான்ட்ராக்டர் மாறினார். புதியவர் முதல் மாதச் சம்பளத்தில் இருபது நாளைப் பிடித்துவைத்துக்கொண்டார். தவணை தேதி போய்விட்டது. அபராதம் நாள் கணக்கில் ஏறியது. அவர்கள் காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை கூப்பிட்டார்கள். நான் ஆறு மணி ஷிப்ட். இரண்டரைக்கு லாக்கரைத் திறந்தால் இருபது தவறிய அழைப்புகள், இருபதும் வேறு வேறு எண். திருப்பிக் கூப்பிட்டால் ஒன்றுகூட மணி அடிக்காது.

சூப்பர்வைசர் எச்சரித்த அன்று சாயங்காலம் ஒரு அழைப்பு என் கையிலேயே கிடைத்தது. மறுமுனையில் என் வயதுக் குரல். நான் பேசினேன், பேசினேன், பதினான்கு நிமிடம் பேசினேன். அப்பாவுக்கு முதுகுவலி, மடிக்கணினி, ரோபோ, புதுக் கான்ட்ராக்டர், கூடுதல் நேர வேலைக்காக இருபத்தெட்டாம் தேதி வரப்போகும் ஓ.டி. பணம் எட்டாயிரம், எல்லாம். கடைசியில், "சார், என்ன வேணா செய்யுங்க, எங்க சூப்பர்வைசருக்கு மட்டும் போன் பண்ணிராதீங்க, வேலை போயிரும்" என்றேன்.

"புரியுது சார்" என்றான் மிகுந்த கனிவோடு. அரைமணி நேரத்தில் சூப்பர்வைசருக்கு வாட்ஸப்பில் 'கடன் கட்டாதவர்' என்ற வரியோடு என் புகைப்படம் போயிருந்தது. அழைப்பு இல்லை, படம்தானே என்று அவர் அந்த ஒரு முறை விட்டார். அதையும் அவரே என்னிடம் சொன்னார்.

லைனில் எனக்கு அடுத்த இடத்தில் போல்ட் முறுக்குகிற பெண் பிள்ளைப்பாக்கத்துக்காரி. லைனில் ஆண்கள் எல்லோரும் பெண்களைப் பாதுகாப்புக்காக அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மறுநாள் கேன்டீனில் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாடா, ரோபோவப் பாத்து இளிச்சிக்கினு இருப்ப. ரெண்டு நாளா மூஞ்சி பஞ்சராயி கீது?"

"ஒண்ணுமில்லக்கா."

"நீயும் நானும் ஒரே வயசு. அக்காவாம். எத்தினி நாள் ஓவர்டியூ?"

தவணை தவறியதற்கு வசூல்காரர்கள் சொல்லும் அந்தச் சொல்லை அவள் சொன்ன விதத்தில் சோற்றை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன். லைனுக்கு வருவதற்கு முன் எட்டு மாதம் கடன் வசூல் கால் சென்டரில் இருந்தவள் அவள். எனக்கு அதுவரை தெரியாது.

"ஏன் விட்டீங்க?"

"தெனம் நூறு பேரு திட்டுனான். இங்க மெஷினு திட்டாது பாரு. இன்னா பேசுன அவங்கிட்ட? ஒரு வார்த்தை விடாம சொல்லு."

சொன்னேன். அவள் சோற்றில் கை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். "ஓ.டி. பணம் வர்ற தேதியச் சொன்ன. எத்தினின்னும் சொன்ன. எங்க அடிச்சா வலிக்கும்னும் சொன்ன. பேங்க் பாஸ்வேர்டு மட்டும் ஏன் பாக்கி வெச்ச?"

எனக்குப் பதிலாகப் பேச மாட்டேன் என்றாள். மூன்றாம் ஆள் பேசினால் அப்படியே குறித்துவைத்துவிட்டு அழைப்பைத் துண்டித்துவிடுவார்களாம். "நீதான் பேசணும். ஆனா நீ பேசுனா ஊத்திக்கும்." சாம்பாரைக் கிளறிக்கொண்டே யோசித்தாள். பிறகு மூடிய கையை எனக்கு முன்னால் உயர்த்திக் காட்டினாள். "இது இன்னா?"

எந்த லைன் ஆளுக்கும் தெரியும். உள்ளே காதில் அடைப்பான் போட்டுக்கொண்டுதான் வேலை. யார் கத்தினாலும் கேட்காது. அதனால் எங்களுக்குக் கைதான் பேச்சு. மூடிய கை என்றால் நிறுத்து. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் மெதுவாக. இரண்டு விரல் என்றால் அடுத்த பீஸ் வருகிறது, தயாராக இரு.

"அதான். நீ பேசு, நான் கை காட்றேன். மாசக் கடைசி நாள் நாலு மணிக்கு, எங்கூரு ஏரிக்கரை. காலைல அவன் சிங்கம். கடைசி நாள் சாயங்காலம் வசூல் டார்கெட் முடியலன்னா அவனும் கடன்காரன்தான்."

அதுவரை மூன்று நாள். அந்த மூன்று நாளும் சூப்பர்வைசரின் சட்டைப்பை அதிர்கிற ஒவ்வொரு முறையும் அது என் கடனுக்கான அழைப்புதான் என்று நினைத்தேன். அவர் எடுத்துப் பார்ப்பார், முகம் சுளிப்பார், துண்டிப்பார். என்னைப் பார்ப்பதுபோல இருக்கும். ஒன்றும் சொல்லமாட்டார்.

கடைசி நாள் ஏரிக்கரையில் காற்று நன்றாக இருந்தது. தூரத்துச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் சத்தமில்லாமல் ஊர்ந்தன. அவள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஒரு பொட்டலம் அவித்த வேர்க்கடலையோடு என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். என் கணக்கில் ஓ.டி. பணத்தோடு எட்டாயிரத்து இருநூறு இருந்தது. அவர்கள் கேட்ட தொகை இருபத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.

"ஒன்னு சொல்லட்டா? சூப்பர்வைசர் பேச்ச கடைசிலதான் எடுக்கணும். அதுவும், டீக்கு சக்கர கம்மின்னு சொல்றா மாதிரி சொல்லணும்."

செயலியில் இருந்த எண்ணுக்கு நானே அடித்தேன்; என் கணக்கைப் பார்க்கிறவனுக்கு மாற்றிவிட்டார்கள். ஒலிபெருக்கியில் அதே கனிந்த குரல்.

"சொல்லுங்க சார். இன்னைக்கு முழுசா கட்டிடறீங்களா? இருபத்து மூணு தொள்ளாயிரம்."

"அவ்வளவு கட்ட முடியாது சார். ஆனா கடன முடிக்கணும்." இது அவள் சொல்லிக்கொடுத்த ஒரே வாக்கியம். அடுத்ததற்கு வாய் தானாகத் திறந்தது: "ஏன்னா, எங்க கான்ட்ராக்டர்…"

மூடிய கை. நான் கடித்துக்கொண்டு நிறுத்தினேன்.

"சரி சார், கடைசி நாளுங்கறதால உங்களுக்காக இருபத்தோராயிரம்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு வார்த்தை பேசாமல் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்! நன்றி சொல்ல வாய் வந்தது. மூடிய கை அப்படியே நின்றது. மறு கையால் அவள் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

மூடிய கை. எனக்குள் ரோபோ ஒரு சட்டத்தை எடுத்தது. மூன்று, நான்கு, ஐந்து. மௌனத்தை நான் அதுவரை ஒரு வெற்றிடம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அது ஒரு எந்திரம் மாதிரி வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தேன். எட்டாவது விநாடியில் மறுமுனையில் நாற்காலி கிரீச்சிட்டது. பதினொன்றில் அவன் தொண்டையைச் செருமினான். அவனுக்குப் பின்னால் நூறு குரல்கள் வேறு யார் யாரையோ கெஞ்சுவதும் அதட்டுவதும் கேட்டது. அவ்வளவு பேருக்கு நடுவில் அவன் மட்டும் என்னோடு சும்மா இருந்தான். இருபதில், "பத்தொன்பது ஐந்நூறு" என்றான். இருபத்தாறில், தானாகவே, "பதினெட்டாயிரம் சார், செட்டில்மென்ட். இதுக்குக் கீழ என்னால முடியாது."

அவள் கையைத் திறந்தாள். உள்ளங்கை கீழே: மெதுவாக. பிறகு மடியில் இருந்த பொட்டலக் காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். ஈரக் கறைக்கு நடுவே முன்பே எழுதிவைத்திருந்தாள்: 'செட்டில்மென்ட் வேணாம். அசல், வட்டி முழுசு. குளோஸ்டுன்னு வரணும்.' செட்டில்மென்ட் என்று பதிவானால் கடனை முழுதாகக் கட்டாதவன் என்று அர்த்தம், நாளைக்கு எந்த பேங்கும் கடன் தராது என்று கேன்டீனிலேயே சொல்லியிருந்தாள்.

"செட்டில்மென்ட் வேண்டாம் சார். அசலும் வட்டியும் முழுசா கட்டிருதேன், பதினாறாயிரத்து முந்நூத்தம்பது. அபராதத்த எடுத்துருங்க. ரெக்கார்டுல குளோஸ்டுன்னு வரணும்."

மறுமுனையில் இந்த முறை மௌனம் அவனுடையது. பிறகு குரலில் கனிவு போய் வேறு ஏதோ வந்தது, மரியாதை மாதிரி. "மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வரேன் சார்." இசை ஒலித்தது.

நான் ஒலிவாங்கியை அடைத்துவிட்டு, "மேனேஜர் ஒத்துக்கிடுவாரா?" என்றேன்.

"எந்த மேனேஜரு? தண்ணி குடிக்கப் போயிருப்பான். நானும் அப்டித்தான் போவேன்." கடலையை என் பக்கம் தள்ளினாள். "துன்னு. அவன் வர்றதுக்குள்ள."

திரும்பி வந்தான். "பதினாறாயிரத்து எண்ணூத்தம்பது. ஃபைனல்."

இப்போது கை மூடும் என்று காத்திருந்தேன். மூடவில்லை. இரண்டு விரலை நீட்டினாள். அடுத்தது.

"சரி சார். இன்னைக்கு எட்டாயிரம். எட்டாம் தேதி சம்பளம் வந்ததும் எட்டாயிரத்து எண்ணூத்தம்பது." மறுபடி இரண்டு விரல். இதுதான் அந்த இடம். டீ, சர்க்கரை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். "அப்புறம் சார், அந்த ரெஃபரன்ஸ் நம்பர எடுத்துருங்க. அவருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. எதுன்னாலும் எனக்கே ரெண்டரைக்கு மேல அடிங்க. ஷிப்ட்ல போன் லாக்கர்ல கிடக்கும்."

"லாக்கர்லயா?" என்றான். "உங்க ஃபைல்ல 'வேணும்னே எடுக்கறதில்ல'ன்னு போட்டிருக்கே. அதனாலதான் ரெஃபரன்ஸுக்குப் போனோம்."

பதினான்கு நிமிடம் பேசிய அன்று அப்பாவின் முதுகு வரைக்கும் சொன்னவன், இதைச் சொல்லவில்லை. லைனில் இருக்கும் எங்கள் எல்லோருக்கும் அது மூச்சு விடுவது மாதிரி. அதை வெளியாளுக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றவே தோன்றாது. அவள் கடலையை வாயருகே வைத்தபடி என்னை வெறித்தாள். அவளுமே அதை யோசிக்கவில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

"எடுத்துடறேன் சார். இப்பவே எட்டாயிரத்த நான் தர்ற நம்பருக்குப் போட்டுடுங்க. லெட்டர் பின்னாடி வரும்."

மூடிய கை, கிட்டத்தட்ட என் மூக்கில்.

"லெட்டர் வந்ததும் செயலியிலேயே கட்டிருதேன் சார். அஞ்சு நிமிஷம் ஆகாது."

"சரி சார், லெட்டர அனுப்பச் சொல்றேன்" என்றான். பிறகு, "எந்தூரு சார் நீங்க?"

"தென்காசிப் பக்கம்."

"நெனச்சேன். நான் கோவில்பட்டி." குரல் சட்டென்று சட்டையைக் கழற்றிப் போட்டதுபோல இருந்தது. "எட்டாம் தேதி மறந்துராதிய. எனக்குக் கஷ்டமாயிரும்." வைத்துவிட்டான்.

நான் நெகிழ்ந்துபோய் அவளைப் பார்த்தேன். அவள் கடலைத் தோலை ஏரிப்பக்கம் வீசினாள். "கடைசில ஊர்ப்பாசம் காட்றான் பாரு. அதுவும் ஸ்கிரிப்டுதான்."

"நெசமாவா?"

கொஞ்சம் யோசித்தாள். "இருக்கலாம். நான் சொல்லும்போது சில வாட்டி நெசமாவும் சொல்லிருக்கேன்."

மின்னஞ்சல் ஐந்து மணிக்கு மேல் வந்தது. அவள் வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். தொகை இருந்தது, தேதிகள் இருந்தன, ரெஃபரன்ஸ் பேச்சு இல்லை. திருப்பிக் கேட்கவைத்தாள். அடுத்தது வர இருபது நிமிடம் ஆனது. ரெஃபரன்ஸ் எண்ணை எடுத்துவிட்டோம் என்ற ஒற்றை வரியோடு வந்தது. எட்டாயிரம் கட்டினேன். இருநூறு ரூபாய் மிச்சம் இருந்தது.

"ஐந்நூறு ஏன் விட்டுக்கொடுத்தீங்க? முந்நூத்தம்பதுலயே நின்னிருக்கலாம்லா?"

"அவனும் எதையாச்சும் ஜெயிக்கணும்டா. வெறுங்கையோட எழுந்து போனா, ரெஃபரன்ஸ எடுப்பானா?"

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வரும்போது ரோபோவை நினைத்துக்கொண்டேன். பதினெட்டு இடத்தைக் கச்சிதமாக ஒட்டும் அந்த மஞ்சள் கையைத்தான் உலகத்தின் பெரிய அதிசயம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு கை தள்ளி, எட்டு மணி நேரமும் போல்ட் முறுக்கிக்கொண்டு, இது நின்றிருக்கிறது.

எட்டாம் தேதி மிச்சத்தைக் கட்டினேன். அடுத்த வாரம் பாக்கி இல்லை என்ற கடிதம் வந்தது. சூப்பர்வைசர் அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய சட்டைப்பை மட்டும் அதிர்ந்துகொண்டே இருந்தது. காலை பத்துக்கு ஒரு முறை, பதினொன்றரைக்கு ஒரு முறை. எடுத்துப் பார்ப்பார், சுளிப்பார், துண்டிப்பார். எனக்கு மறுபடி பயம் பிடித்தது. ரெஃபரன்ஸை எடுத்துவிட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டு ஏமாற்றுகிறார்களா?

ஒரு நாள் டீ இடைவேளையில் என்னைத் தண்ணீர்க் கேன் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார். போயிற்று, கான்ட்ராக்டர்தான் என்று நினைத்துக் கடிதத்தின் படத்தை எடுக்க லாக்கருக்குப் போக அனுமதி கேட்டேன்.

"அட இரு. உன் ஆளுங்கதான் எனக்கு போன் பண்றத நிறுத்திட்டானுங்களே. எப்டிய்யா நிறுத்துன?"

"அப்ப இப்ப வர்றது யாரு சார்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரல் பாதியாகிவிட்டது. "அது எனுது. பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட ஒன்னுல எடுத்தேன். வூட்ல தெரியாது." சட்டைப்பையை ஒரு கையால் பொத்திக்கொண்டார். "அன்னிக்கு உன்னாண்ட கத்துனது… எது உனுது எது எனுதுன்னே தெரியாம டென்ஷன்ல கத்திட்டேன்."

எனக்குச் சொல்வதற்கு எவ்வளவு இருந்தது! மாதக் கடைசி, செட்டில்மென்ட், எழுத்தில் வாங்குவது, வராத மேனேஜர். வாயைத் திறந்துவிட்டேன். அவருடைய தோளுக்குப் பின்னால், இருபதடி தள்ளி, அவள் டீ டம்ளரோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் அவளுக்குக் கேட்டிருக்க வழியில்லை. அவர் சட்டைப்பையைப் பொத்தியிருந்த கையை மட்டும் பார்த்திருப்பாள்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்த்து இரண்டு விரலை நீட்டினாள்.

"சார், மாசக் கடைசி நாள் சாயங்காலம் ஃப்ரீயா இருப்பீங்களா?" என்று கேட்டேன். மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை.